வாசிப்பவரும் பயன் சொல்பவரும்: ஒலிநூலில் நாவல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



யாழ்ப்பாணத்துச் சைவக் கோயில்களில் கந்தபுராணம் படிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. புராண படனம் என்பது அதன் பெயர். அங்கே இருவர் அமர்வர். ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார்; மற்றவர் அதற்குப் பயன் சொல்வார். பயன் என்றால் அவ்வழக்கில் பொருள் விளக்கம். செய்யுள் எது, அதற்கு ஒருவர் கொண்ட பொருள் எது என்பது கேட்போருக்கு ஐயமின்றி விளங்கும். சொல்லப்பட்ட பயன் மனத்துக்கு ஒவ்வாவிடில் அதைத் தள்ளிவிட்டுச் செய்யுளை மட்டும் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம்.

கைப்பேசியில் நாவல் கேட்போர் இன்று பெருகியிருக்கின்றனர். பேருந்தில், சமையலறையில், மாலை நடையில், உறக்கம் வராத இரவில் அவர்களுக்கு ஒரு குரல் கதை வாசிக்கிறது. அக்குரல் புராண படனத்தின் இருவர் பணியையும் தானே ஏற்றுக்கொள்கிறது. வாசிப்பதும் அதுவே, பயன் சொல்வதும் அதுவே. எங்கே வாசிப்பு நின்று எங்கே பயன் தொடங்கியது என்று அது அறிவிப்பதில்லை. ஒலிநூல் வாசிப்பாளரை மதிப்பிட முனைவோர் முதலில் எதிர்கொள்ள வேண்டிய சிக்கல் இதுவாகும்.

கேட்பது வாசிப்பாகுமா என்னும் வினா அடிக்கடி எழுப்பப்படுகிறது. இதில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துக் கேள்விக்கென்று தனி அதிகாரமே வகுத்தவர் திருவள்ளுவர். திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் கேட்டவர்களும், சீறாப்புராணம் படித்துப் பொருள் சொல்லக் கேட்டவர்களும், தேநீர்க்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க நாளிதழைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர்களும் இலக்கியத்துக்கும் உலகச் செய்திக்கும் புறத்தே நின்றவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் கேட்டவற்றுள் பெரும்பாலானவை கேட்பதற்கென்றே யாக்கப்பட்டவை. நாவல் அப்படியன்று. அது அச்சுக்குப் பிறந்தது; தனியாக, வாய் அசையாமல், தன் வேகத்தில் படிக்கும் ஒருவருக்காக எழுதப்பட்டது.

இதில் ஒரு காலப் பொருத்தம் கருதத்தக்கது. தமிழின் முதல் நாவலாகிய வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் அச்சேறியது. எடிசன் ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கியது 1877இல். அடுத்த ஆண்டே அக்கருவியின் பயன்களைப் பட்டியலிட்ட அவர், பார்வையற்றோருக்குப் பேசும் நூல்கள் என்பதையும் அதில் சேர்த்தார். மௌன வாசிப்பின் கலை வடிவம் தமிழுக்கு வந்த அதே காலத்தில், அந்த மௌனத்தைக் கலைக்கப்போகும் கருவியும் உலகுக்கு வந்துவிட்டது. ஆயினும் அக்கருவியின் உருளையில் சில நிமிடப் பேச்சே அடங்கியது. முழு நாவல் ஒன்று ஒலியாவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அமெரிக்காவில் 1934இலும் இங்கிலாந்தில் 1935இலும் பார்வையற்றோருக்கான பேசும் நூல் திட்டங்கள் தொடங்கின. இங்கிலாந்தில் முதலில் வெளிவந்தவற்றுள் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவல் ஒன்றும் ஜோசப் கான்ராடின் ‘டைஃபூன்’ கதையும் இருந்தன. பின்னர் ஒலிநாடா, குறுந்தகடு, கைப்பேசி எனக் கருவிகள் மாறின. அந்த வரலாறு இங்கு வேண்டுவதில்லை. கருதவேண்டியது ஒன்றே: ஒலிநூலை முதலில் கேட்டவர்கள் பொழுதுபோக்குக்காகக் கேட்டவர்கள் அல்லர். அவர்களுள் பலருக்கு அக்குரலன்றி வேறு நூல் இல்லை. வாசிப்பவர் எந்த அளவுக்கு நடிக்கலாம் என்ற வழக்கும் அவர்களிடையே அன்றே தோன்றியது. உணர்ச்சியைத் தாங்களே கண்டுகொள்வதாகவும், வாசிப்பவர் சொற்களைத் தெளிவாகத் தந்தால் போதும் என்றும் கேட்டவர்கள் அவர்களுள் பலர்.

பயன் சொல்லாமல் வாசிக்க முடியாதா என்று கேட்கத் தோன்றும். எளிய வாக்கியம் ஒன்றைக் கொண்டு இதைச் சோதிக்கலாம். ‘அவன் நேற்று வந்த ஊரைப் பற்றிப் பேசினான்.’ நேற்று என்பது வருகையைச் சார்ந்ததா, பேச்சைச் சார்ந்ததா? அச்சில் இரண்டும் ஒருங்கே நிற்கும். வாய் திறந்து வாசிப்பவர் ‘நேற்று’ என்ற சொல்லுக்குப் பின் நிறுத்த வேண்டும். அல்லது நிறுத்தாமல் செல்ல வேண்டும். எதைச் செய்தாலும் ஒரு பொருள் வாழ்ந்து மற்றொன்று மறைந்துவிடும். தமிழ் எழுத்துமுறையின் இயல்பாலும் இத்தகைய தீர்ப்புகள் நேர்கின்றன. ‘அவள் முகத்தில் பாவம் தெரியவில்லை’ என்று எழுதினால், பகரத்தை வல்லோசையாக ஒலித்தால் தீவினை. வடசொல்லின் ஒலிப்போடு சொன்னால் முகக்குறிப்பு. கண் இரண்டையும் ஒரு கணம் தாங்கிக்கொள்ளும். நாவால் தாங்க இயலாது.

கொண்டுகூட்டுப் பொருள்கோள் பயின்றோருக்கு இது புதிதன்று. எந்தச் சொல்லை எதனோடு கூட்டுவது என்பதில்தான் உரையாசிரியர்கள் பிரிகின்றனர். பத்துப்பாட்டுக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கொண்டுபோய் மாட்டுகிறார் என்று புலவர் உலகம் இன்றுவரை குறைபட்டுக்கொள்கிறது. குறைபட்டுக்கொண்டே அவரைப் படிக்கவும் செய்கிறது. ஒலிநூல் வாசிப்பாளர் நிறுத்தத்தாலும் அழுத்தத்தாலும் வேகத்தாலும் செய்வது இதே பணிதான். ஆகவே அவரை நடிகராகக் கொண்டு குரல் இனிமையை மதிப்பிடுவதினும், உரையாசிரியராகக் கொண்டு அவர் கொண்ட பொருளை மதிப்பிடுவதே முறையாகும். குரல் இனிமை வேண்டாத ஒன்றன்று. ஆனால் இனிய குரலில் தவறான உரை சொல்லப்படும்போது தவறு எளிதில் வெளிப்படுவதில்லை.

தமிழ் ஒலிநூல்களில் பேரளவில் கேட்கப்படுபவர் கல்கி எனலாம். அவருடைய எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டிருப்பதால் எவரும் வாசித்து வெளியிட இயல்கிறது. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ பல வடிவங்களில் கிடைக்கிறது. பாம்பே கண்ணன் பல கலைஞர்களின் குரல்களைக் கொண்டு அதை உருவாக்கினார். தீபிகா அருண் தனிக்குரலில் வாசித்தார். இவ்விரு முறைகளுள் எது சிறந்தது என்று கட்சி கட்டுவதைவிட, ஒவ்வொன்றும் மூலத்தில் எதை எடுத்து எதை விடுகிறது என்று பார்ப்பது பயன்தரும்.

பல குரல் முறை கல்கிக்கு ஓரளவு இயைந்ததே. ஆழ்வார்க்கடியான் வழக்காடும் இடங்களும், சதி செய்வோர் கூடிப் பேசும் இடங்களும் நாடகமாகவே எழுதப்பட்டவை. ஆனால் இம்முறையில் சிறிய தடை ஒன்று உண்டு. நடிகர் சினத்தோடு பேசி முடித்ததும் ‘என்று சினத்துடன் கூறினான்’ எனக் கதைசொல்லியின் குரல் வந்தால், ஏற்கெனவே கேட்டதை மீண்டும் கேட்பதாகும். அதை நீக்கினால் மூலம் குறைகிறது. ஒரு சொல்தானே என்று நீக்கத் தொடங்கினால், கதைசொல்லி படிப்படியாக மேடையின் திரை இழுப்பவராகச் சுருங்கிவிடுகிறார். பொன்னியின் செல்வனில் வந்தியத்தேவனைக் காட்டிலும், நந்தினியைக் காட்டிலும் மறக்க இயலாத பாத்திரம் அக்கதைசொல்லியே என்று கருத இடமுண்டு. வாசகரைக் கையைப் பிடித்து வீரநாராயண ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்பவர், வரலாற்றுச் செய்தியைச் சொல்லிவிட்டுத் தாமே அதைக் கேலி செய்பவர், அத்தியாய முடிவில் வாசகரைத் தவிக்க விட்டுவிட்டு மறுவாரம் ஒன்றும் அறியாதவர்போல் வந்து நிற்பவர் அவர். தனிக்குரல் வாசிப்பில் இந்த மனிதர் பிழைத்திருக்க வாய்ப்பு மிகுதி. பாத்திரங்கள் அனைவரும் அவர் வாயிலிருந்தே பிறக்கிறார்கள் என்பது அங்கே மறைவதில்லை.

கல்கிக்கு ஒத்துவந்த அளவுகோல் தி. ஜானகிராமனுக்கு ஒத்துவராது. ‘அம்மா வந்தாள்’ 1966இல் நூலாக வந்தது. அலங்காரத்தம்மாளை அந்நாவல் எங்கும் குற்றக் கூண்டில் நிறுத்தவில்லை, விடுதலை செய்யவுமில்லை. சிவசு வீட்டுக்கு வந்துபோவதை அறிந்தும் அறியாதவராய் இருக்கும் தண்டபாணியையும், மகனை வேதம் படிக்க அனுப்பித் தன் பாரத்தை அவன் மேல் இறக்கிவைக்க நினைத்த தாயையும் ஆசிரியர் அருகில் நின்று பார்க்கிறாரே தவிர, ஒரு சொல் தீர்ப்புக் கூறவில்லை. இப்போது ஒருவர் இதை வாசிப்பதாகக் கொள்வோம். அலங்காரம் பேசுமிடத்தில் அவர் குரலில் மெல்லிய குத்தல் ஏறினால் போதும். நாவல் ஒழுக்கக் கதையாகிவிடும். தழுதழுப்பு ஏறினாலோ கண்ணீர்க் கதையாகிவிடும். ஆசிரியர் நூறு பக்கங்களில் காத்துவந்த நடுவு நிலையை ஒரு மூச்சில் உடைத்துவிட முடியும். அதுவும் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல். முழுமையான, சுருக்கப்படாத பதிப்பு என்று அட்டையில் அச்சிட்டு உடைக்க முடியும்.

இத்தகைய நாவலை வாசிப்பவரிடம் எதிர்பார்க்கப்படுவது உணர்ச்சியின்மை அன்று. தஞ்சைப் பேச்சின் ஏற்ற இறக்கம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாத்திரம் எதைச் சொல்லாமல் விழுங்கியது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கவும் தெரிய வேண்டும். இம்மூன்றாவது அறிவுதான் அரியது. அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசன் தம் நாவல்களைத் தாமே வாசித்துப் பதிவு செய்தார். தேர்ந்த நடிகரின் குரல் வேறுபாடுகளை எதிர்பார்த்துக் கேட்போருக்கு அது முதலில் ஏமாற்றம் தரக்கூடும். தாழ்ந்த, அவசரமற்ற குரல். பாத்திரத்துக்குப் பாத்திரம் வேடம் மாற்றுவதில்லை. கொடிய நிகழ்ச்சிகளை அக்குரல் கூட்டாமல் குறைக்காமல் சொல்லும்போது, கேட்பவர் தாங்க வேண்டிய பாரத்தைக் கேட்பவரிடமே விட்டுவிடுகிறது. மறுபுறம், சார்லஸ் டிக்கன்ஸ் தம் நாவல் பகுதிகளை மேடையில் நடித்தே வாசித்தார். நான்சி கொலையுறும் பகுதியை 1869இல் மேடைகளில் வாசித்தபோது அரங்கு நடுங்கியது. அவர் உடல்நலமும் குன்றியது. ஆனால் அவர் நாவலை அப்படியே வாசிக்கவில்லை. மேடைக்கென்று வெட்டியும் திருத்தியும் தனிப்படி அமைத்துக்கொண்டார். நடிப்புக்குரிய நூல் வேறு என்பதை அவர் அறிந்திருந்தார்.

கவியரங்கங்களில் பழகிய இவ்வவைக்கு மேலும் ஓர் எடுத்துக்காட்டுத் தேவையில்லை. ஓர் அடியைச் சொல்லி, நிறுத்தி, கைதட்டலுக்கு இடம் விட்டு, அதே அடியை மீண்டும் உயர்த்திச் சொல்லும் குரலில் மௌனியின் சிறுகதை ஒன்றை வாசித்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப்பார்த்தாலே போதும்.

வட்டார நாவல்களுக்கு வருவோம். தமிழ் ஒலிநூலின் உண்மையான தேர்வுக்களம் இதுவே. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’, ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’, தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’, இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ ஆகிய நான்கையும் ஒருவரே வாசிக்க இயலுமா? எழுத்தில் ஒரு சொல் கொச்சையாகப் பதிவு செய்யப்பட்டிருக்கலாம். ஆனால் அது எந்த இழுப்போடு, எந்தக் குறுக்கத்தோடு ஒலிக்கும் என்பதை அச்சு சொல்வதில்லை. அந்த மண்ணில் பிறந்தவர் அதைக் கண்ணால் பார்க்கும்போதே காதால் கேட்டுவிடுவார். பிறருக்கு அது எழுத்துக்கூட்டல் மட்டுமே. இந்த இடைவெளியை நிரப்பப் பலருக்குக் கைகொடுப்பது திரைப்படம். திரைப்படம் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு நகைச்சுவை முத்திரை குத்தி வைத்திருக்கிறது. கோவைத் தமிழ் என்றால் ஒரு ‘ங்க’, நெல்லைத் தமிழ் என்றால் ஓர் ‘ஏலே’. அம்முத்திரையோடு ‘புத்தம் வீடு’ வாசிக்கப்பட்டால் பனையேறும் குடும்பங்களின் வாழ்வும் லிஸ்ஸியின் அடங்கிய துயரமும் சிரிப்புக்குரியவையாகிவிடும். தன் பாட்டியின் பேச்சு முதன்முதலாக இலக்கியமானதைக் கண்டு பெருமிதம் கொண்ட வாசகருக்கு, அதே பேச்சைப் போலியாகக் கேட்பது அவமதிப்பாகவே படும். வட்டார ஒலிப்பு கைவராத வாசிப்பாளர் அதைப் பாவனை செய்யாமல், தமக்கு இயல்பான குரலில் சொற்களை மட்டும் பிழையின்றித் தருவது மேல். அது நேர்மையான குறை. போலி ஒலிப்பு அப்படியன்று. மூலத்தில் இல்லாத ஏளனத்தை அது மூலத்தின் மேல் ஏற்றிவிடுகிறது.

தன்மைக் கூற்று நாவல்களில் வேறொரு வினா எழுகிறது. ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ கங்காவின் வாய்மொழியாக நகர்வது. அதை ஆண்குரல் வாசிக்கலாமா? எழுதியவர் ஆண்தானே என்பர் சிலர். எழுதியவர் தம் குரலை மறைத்துக்கொண்டு பெண்குரலில் எழுதியிருக்கையில், அம்மறைப்பை ஒலிநூல் கலைப்பது பொருந்தாது என்பதே ஏற்கத்தக்க விடையாகத் தோன்றுகிறது. சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ போன்றவற்றில், பாலு சொல்வது எது, ஜே.ஜே.யின் நாட்குறிப்பு எது என்பதை அச்சு தன் அமைப்பாலேயே காட்டிவிடும். காதுக்கு அந்த உதவி இல்லை. ஒரு சிறு நிறுத்தம், சற்று மாறிய வேகம் ஆகியவற்றால் அதை உணர்த்துபவரே தேர்ந்தவர். பின்னணி இசையைக் கொண்டு பிரிப்போரும் உளர். அது பிரிப்பதற்குப் பதிலாக உணர்ச்சியைக் கட்டளையிடத் தொடங்கிவிடுகிறது.

இனி, மனிதக் குரலே தேவைதானா என்ற வினாவையும் தவிர்க்க இயலாது. கணினி உருவாக்கும் செயற்கைக் குரலில் நூல்களை வெளியிடும் வசதியை ஆப்பிள் நிறுவனம் 2023இல் அறிவித்தது. மற்ற பெருநிறுவனங்களும் அவ்வழியில் இறங்கியுள்ளன. செயற்கைக் குரல் பொருளுணராமல் வாசிக்கிறது, ஆதலால் இலக்கியத்துக்கு ஆகாது என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது எளிது. ஆனால் முதுகலைத் தமிழ் பயிலும் பார்வையற்ற மாணவர்களிடம் பேசிப்பார்த்தவர்கள் அவ்வளவு எளிதாகத் தள்ளமாட்டார்கள். திரைவாசிப்பு மென்பொருளின் தட்டையான குரலை, பிறர் பின்தொடர முடியாத வேகத்தில் கேட்டே அவர்களுள் பலர் தேர்வுக்குப் படிக்கின்றனர். அக்குரலில் உணர்ச்சி இல்லை என்பது அவர்களுக்குக் குறையாகப் படுவதில்லை. பார்வையுள்ளவருக்கு அச்செழுத்து எப்படியோ அப்படி அவர்களுக்கு அது. எழுத்துக்கும் உணர்ச்சி இல்லை. உணர்ச்சியைப் படிப்பவர் தருகிறார். உருக்கமாக வாசிக்கும் தன்னார்வலரைக் காட்டிலும் உருக்கமற்ற பொறி சில வேளைகளில் மூலத்துக்கு நெருக்கமாக நிற்கிறது என்பது வாசிப்பாளர்கள் நாணத்தோடு ஏற்க வேண்டிய உண்மை.

இதற்கு எல்லையும் உண்டு. பொறி நடுநிலை வகிப்பதாகத் தோன்றினாலும், ‘நேற்று வந்த ஊர்’ வாக்கியத்தில் அதுவும் எங்கோ நிறுத்தத்தான் செய்கிறது. ஏன் நிறுத்தியது என்று கேட்டால் விடை சொல்ல அங்கே ஆள் இல்லை. பரிமேலழகரோடு மாறுபடலாம், நச்சினார்க்கினியரோடு வழக்காடலாம். அவர்கள் ஒரு பொருளைக் கருதி உரைத்தவர்கள். தட்டைக் குரலின் அண்மைக் காலத்து உருவங்களோ தட்டையாகவும் இல்லை. மனிதரைப்போல் பெருமூச்சு விடவும் குரல் தழுதழுக்கவும் அவற்றுக்குக் கற்பிக்கப்படுகிறது. அதாவது, பழைய பொறியின் அடக்கமும் போயிற்று. உரையாசிரியரின் பொறுப்பும் வரவில்லை.

பார்வையற்றோருக்கான ஒலிநூல்களுக்குச் சட்டத்தின் தடை பெரும்பாலும் நீங்கிவிட்டது. 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம், அச்சைப் படிக்க இயலாதோர் படிக்கத்தக்க வடிவங்களில் நூல்களை மாற்ற இசைவளித்தது. 2013இல் மராக்கேஷ் நகரில் உருவான பன்னாட்டு உடன்படிக்கைக்கு முதலில் ஏற்பளித்த நாடு இந்தியா; அது 2014இல் நிகழ்ந்தது. ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்னும் இணைய நூலகம் 2016இல் தொடங்கப்பட்டது. ஆகவே, நாவலைப் பதிவு செய்யத் தன்னார்வலர் ஒருவர் முன்வந்தால் அவரைத் தடுக்கப் பெரிதாக எதுவும் இல்லை. அவர் எப்படி வாசிக்க வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. நூலுக்கு மதிப்புரை எழுதும் இதழ்கள் உள்ளன. நூலின் வாசிப்புக்கு மதிப்புரை எழுதும் மரபு இன்னும் வேரூன்றவில்லை. கேட்போரின் பாராட்டு பெரும்பாலும் ‘குரல் அருமை’ என்பதோடு நின்றுவிடுகிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடலாசிரியனுக்கும் இசையாசிரியனுக்கும் குழலோனுக்கும் யாழாசிரியனுக்கும் தனித்தனியே இலக்கணம் கூறுகிறது. வாசிப்போனுக்கு அந்த வரிசையில் இடமில்லை. அதை எழுதவேண்டியவர்கள் இத்தகைய வட்டங்களில் இருப்போரே, குறிப்பாகக் கவிஞர்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையிலுள்ள நிறுத்தத்தின் எடையை அன்றாடம் அளப்பவர்கள் அவர்கள்.

தொடக்கம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஒரே அத்தியாயத்தை இருவர் வாசித்த பதிவுகளை ஒரு மாதக் கூட்டத்தில் அடுத்தடுத்துக் கேட்கலாம். எங்கே ஒருவர் நிறுத்தினார், மற்றவர் ஏன் நிறுத்தவில்லை, எப்பாத்திரத்துக்கு எவர் சார்பு காட்டினார், எந்த வட்டாரச் சொல் எவர் வாயில் பிழைபட்டது என்று மூலநூலைக் கையில் வைத்துக்கொண்டு குறிக்கலாம். பார்வையற்ற வாசகர் ஒருவரேனும் அக்கூட்டத்தில் இருத்தல் வேண்டும். பிறர் ஒலியழகில் மயங்கும் இடத்தில் மூலத்தின் சொல்லைத் தேடிப் பழகிய காது அவருடையது.

அதற்கும் முன் செய்யத்தக்க சிறு வேலை ஒன்று உண்டு. திருக்குறள் உரைகள் பரிமேலழகர் உரை, மணக்குடவர் உரை என்று உரைகாரர் பெயராலேயே வழங்குகின்றன. கல்லூரிகளில் பார்வையற்ற மாணவர்களுக்காகச் சேர்த்து வைக்கப்பட்ட ஒலிநாடாக்களிலும் குறுந்தகடுகளிலும் நாவலின் பெயர் இருக்கும், ஆசிரியர் பெயர் இருக்கும். வாசித்தவர் யார், எந்தப் பதிப்பை வைத்து வாசித்தார், முன்னுரையோ இடையில் சில பக்கங்களோ விடப்பட்டனவா என்ற குறிப்பு பெரும்பாலும் இராது. பதிவேட்டில் ஆசிரியர் பெயருக்கு அடுத்து இன்னும் ஒரு பத்தி வரைந்து, ‘வாசித்தவர்’ என்று தலைப்பிட வேண்டும்.